கூரையைத் தொடாத சுவர்

ரப்பர்த் தோட்டத்துப் பழைய லயத்து வீடுகளில் நடுச்சுவர் கூரையைத் தொடாது. வரிசையாகப் பத்துக் கதவு, பத்துக் குடும்பம். ஆனால் ஆள் உயரத்துக்கு மேலே எல்லாருக்கும் ஒரே காற்று. முதல் வீட்டில் கருவாடு வறுத்தால் ஏழாவது வீட்டில் பசி எடுக்கும். புருசன் பெண்டாட்டி சண்டை ஊருக்கே தெரிந்த சண்டை. கடைசி வீட்டுக் கிழவர் ராத்திரி முனகினால், விடியற்காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுக்கும்போதே, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் காதுவரை அது போயிருக்கும்.

இப்போது பெரியம்மா இருக்கும் வீட்டில் சுவர்கள் ஒழுங்காகக் கூரை வரை போகின்றன. பேரா மாநிலத்துச் சிம்பாங் பூலாய்ச் சந்தியில் கேமரன் மலைக்கு ஏறும் சாலை பிரிகிறதே, அங்கிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு தாமான் குடியிருப்பு. மூலைவீடு. பின்னால் பாதி வெட்டுப்பட்ட சுண்ணாம்புக் குன்று, முன்னால் கல் லாரிகள் விட்டுப்போகும் வெள்ளைப் புழுதி. வாசலில் இரும்புக் கிரில், அதில் மலாயிலும் சீனத்திலும் தமிழிலும் பெயர்ப்பலகை. உள்ளே பதினாறு கட்டில். ஊர்க்காரர்கள் சுருக்கமாக "ஹோம்" என்பார்கள். "ஹோம்ல போட்டுட்டாங்களாம்" என்று சொல்லும்போது குரல் தானாகத் தாழும்.

குரல் தாழ்வதற்குக் காரணம், தோட்டத்தில் இப்படியெல்லாம் இல்லை, பெரியவர்களைக் கூடவே வைத்துப் பார்த்தோம் என்ற நினைப்பு. நானும் அந்தத் தோட்டத்துப் பிள்ளைதான். அந்த நினைப்பில் பாதிதான் உண்மை.

தோட்டத்து வீடு யாருக்கும் சொந்தமில்லை. அது வேலைக்குக் கொடுத்த வீடு. வேலையாட்கள் பதிவான செக்ரோலில் பெயர் இருக்கும்வரை கூரை. வெட்டு வேலையிலிருந்து நின்றவர், மகனோ மருமகளோ அதே தோட்டத்தில் வேலை பார்த்தால் திண்ணையில் உட்காரலாம். இல்லாவிட்டால் தோட்ட அலுவலகக் கிராணி வந்து சாவி கேட்பார். அதற்கும் முந்திய காலத்தில் ஏற்பாடு இன்னும் எளிது. 1907-இல் தொடங்கிய குடியேற்ற நிதி, தொழிலாளியைக் கப்பலில் கொண்டுவரச் செலவழித்தது; உடம்பு தேய்ந்தவரைத் திருப்பி அனுப்பவும் அதே நிதிதான் செலவழித்தது. 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அப்படி ஏற்றினார்கள். முதுமை என்பது நாகப்பட்டினத்தில் நடக்க வேண்டிய விஷயம், மலாயாவில் அல்ல என்பதுதான் கணக்கு. இங்கேயே கிழடாகி இங்கேயே சாவது என்ற வழக்கமே நம்மவர்களுக்கு மூன்று தலைமுறைக்குள் வந்ததுதான்.

அப்படித் தங்கிவிட்ட முதல் தலைமுறையில் ஒண்டிக்கட்டைகள் நிறைய. கல்யாணம் ஆகாத, ஊரிலிருந்து கடிதம் நின்றுபோன ஆண்கள். எங்கள் லயத்தின் கடைசி அறையில் அப்படி ஒருவர் இருந்தார். புல்வெட்டுக்குக்கூட ஆகாத வயசு. பால்கொட்டகையில் ஒட்டுப்பால் பொறுக்கிக் கொடுப்பார், மாலையில் கள்ளுக்கடை. அவருக்குச் சாப்பாடு தட்டியதில்லை; ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஏதாவது போகும், தீபாவளிக்கு வேட்டி போகும். ஆனால் அவர் காலில் இருந்த புண்ணை யாரும் கழுவியதாக எனக்கு நினைவில்லை. நாற்றம் எல்லா வீட்டுக்கும் வந்தது. எல்லாருக்கும் தெரியும், யாருடைய வேலையும் இல்லை. கடைசியில் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டு பேர் லாரியில் ஏற்றினார்கள்.

லாரி போன இடம் தோட்டத்து ஆஸ்பத்திரி. பல தோட்டங்கள் சேர்ந்து ஒன்றை நடத்தும். டாக்டர் வாரத்துக்கு ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் டிரெசர் ராஜ்ஜியம். வீட்டிலிருந்தே பாட்டில் கொண்டுபோக வேண்டும், சிவப்பு மிக்சரோ வெள்ளை மிக்சரோ ஊற்றித் தருவார். கேலி செய்யலாம்தான். ஆனால் அந்த மனிதர் காலையில் லயத்தைச் சுற்றி வருவார், யார் பெரட்டுக்கு வரவில்லை என்று பார்த்து வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பார். வேலைக்கு ஆள் குறையக்கூடாது என்ற துரையின் அக்கறைதான் அது. இருக்கட்டும். வெளியிலிருந்து ஒரு கண் தினமும் வந்தது.

துரைகளின் அக்கறைக்கு இந்தப் பக்கத்தில் ஒரு கல் சாட்சி உண்டு. பத்து காஜா அருகே கிந்தா கெல்லஸ் தோட்டத்து வில்லியம் கெல்லி ஸ்மித், மாளிகை கட்டிக்கொண்டிருந்தபோது கூலிகள் நோயில் விழுந்தார்கள், மாரியம்மனுக்குக் கோயில் கட்டச் சொன்னார்கள், கட்டிக் கொடுத்தார் என்பது கதை. கோயில் கூரையில் சாமிகளோடு தொப்பி போட்ட துரைபோல ஒரு சிலையும் நிற்கிறது, அவரே என்பார்கள். ஸ்மித் 1926-இல் இறந்தார், மாளிகை முடியவில்லை, கோயிலில் இன்றும் பூசை நடக்கிறது. நோய்க்கு மருந்து கேட்டார்களா, கோயில் மட்டும் கேட்டார்களா என்று கதை சொல்வதில்லை.

பிறகு எல்லாம் கலைந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனைக்கு இத்தனை கை வேண்டியதில்லை. சில தோட்டங்கள் தாமான் ஆயின. பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். பேரா மாநிலமே கிழடாகிவிட்டது. நாட்டில் முதியவர் விகிதம் அதிகமுள்ள மாநிலங்களில் நாம் முன்வரிசை. 2030-இல் மலேசியாவில் நூற்றுக்குப் பதினைந்து பேர் அறுபதைத் தாண்டியிருப்பார்கள் என்பது அரசாங்கக் கணக்கு. சிம்பாங் பூலாயில் அது இப்போதே வந்துவிட்டதோ என்று காலையில் மார்க்கெட்டுக்குப் போனால் தோன்றும்.

எங்கள் பெரியம்மா முப்பத்தைந்து வருடம் ரப்பர் மரம் வெட்டியவர். எண்பத்திரண்டு வயசு. இனிப்புநீர், அதோடு மறதி. மகன் சிங்கப்பூரில் ஷிப்யார்டு, மகள் பகல் இரவு மாற்றி மாற்றித் தொழிற்சாலை வேலை. அடுப்பைத் திறந்துவிட்டுத் தூங்கப் போன இரண்டாவது நாள், இனி தனியாக விடமுடியாது என்று ஆயிற்று.

அரசாங்க இல்லம் கேட்டோம். தஞ்சோங் ரம்புத்தானில் ருமா ஸ்ரீ கெனாங்கான் இருக்கிறது. அந்த ஊர் பேரைச் சொன்னாலே மகள் அழுதாள். 1911-இல் அங்கே மனநோய் ஆஸ்பத்திரி வந்ததிலிருந்து, "உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்பது இந்த நாட்டில் எல்லா மொழியிலும் வசவு. அழத் தேவையிருக்கவில்லை, எப்படியும் இடம் கிடைத்திருக்காது. அது ஆதரவற்ற, உறவில்லாத, தன் வேலையைத் தானே செய்துகொள்ளக்கூடிய முதியவர்களுக்கு. ஆதரவற்றுப் படுக்கையிலும் விழுந்தவர்களுக்கு ருமா ஏசான் என்று இரண்டு, கோலகுபு பாருவிலும் டுங்கூனிலும். பிள்ளைகள் இருந்து, பணம் இல்லாமல், நினைவும் தடுமாறுகிறவருக்கு? தனியார்தான்.

நான் விசாரித்த இடங்களில் நடமாடுகிறவருக்கு மாதம் 1,500 வெள்ளியிலிருந்து ஆரம்பம். படுக்கையாளி என்றால் 2,500, பேம்பர்ஸ் தனி, பால்மாவு தனி. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. வருமானமில்லாத முதியவருக்குச் சமூகநலத் துறை தரும் உதவி 2021-இல் 500, 2025-இல் 600. இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் போதும், பிள்ளைகளைத் திட்டுகிற வாய் கொஞ்சம் மூடும்.

முதலில் சேர்த்த இல்லத்தின் பெயர் வேண்டாம். லைசென்ஸ் சுவரில் மாட்டியிருந்தது. 1993-இல் வந்த பராமரிப்பு மையச் சட்டம், எண் 506, நான்கு பேரோ அதற்கு மேலோ வைத்துப் பார்க்கும் இடம் எதுவானாலும் பதிவு செய்யச் சொல்கிறது. தீயணைப்புப் பொம்பா பார்க்க வேண்டும், நகராண்மை பார்க்க வேண்டும், சுகாதார அலுவலகம் பார்க்க வேண்டும். அதெல்லாம் இருந்தது. தீயணைப்பு உருளை சிவப்பாகப் பளபளத்தது. ஞாயிறு மாலை நாலு மணிக்கு நாங்கள் போவோம். பெரியம்மா குளித்து, முகத்தில் பவுடர் பூசி, காலில் காலுறை போட்டு, நாற்காலியில் இருப்பார். ஞாயிறு மாலை நாலு மணிக்கு எல்லா இல்லமும் நல்ல இல்லம்தான்.

ஒரு புதன்கிழமை பதினொரு மணிக்கு வேறு வேலையாக அந்தப் பக்கம் போன நான் உள்ளே நுழைந்தேன். பெரியம்மா மல்லாந்து படுத்திருந்தார். வலது மணிக்கட்டு பழைய துணியால் கட்டில் கம்பியில் கட்டப்பட்டிருந்தது. "எழுந்து நடந்தா விழுந்துடுவாங்க அண்ணே" என்றாள் அங்கிருந்த பெண். அது பொய்யில்லை, ஒருமுறை விழுந்தும் இருந்தார். காலுறையைக் கழற்றினேன். குதிகாலில் ஐம்பது காசு அளவுக்குக் கறுப்பு. புரட்டிப் பார்த்தால் இடுப்புக்குக் கீழே தோல் உரிந்திருந்தது.

படுக்கைப்புண் எப்படி வருகிறது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் சதை நசுங்குகிறது, ரத்தம் போவதில்லை, சில மணி நேரத்தில் சதை சாகத் தொடங்குகிறது. ஈரமான பேம்பர்ஸ் அதைச் சீக்கிரமாக்கும். இனிப்புநீர் ஆறவிடாது. 2019 தேசிய ஆய்வில் மலேசிய இந்தியர்களில் வயது வந்தவர்கள் பத்தில் மூன்று பேருக்கு இனிப்புநீர். நம் பெரியவர்களின் குதிகால் எல்லாமே எப்போது வேண்டுமானாலும் புண்ணாகக் காத்திருக்கிற குதிகால். தடுக்க வழி என்ன? இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது. இரவிலும். பதினாறு கட்டிலுக்கு இரவில் ஒரே ஆள் என்றால், யார் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அது நடக்காது. மனித நேயம் இல்லை, மனசாட்சி இல்லை என்று ஏசுகிறோம். முதலில் கேட்க வேண்டியது ராத்திரி எத்தனை பேர் என்பதை. அந்தக் கேள்வியை நாங்கள் கேட்கவில்லை. ஏர்கான் உண்டா என்று கேட்டோம்.

சட்டத்தின் கண் கட்டடத்தைப் பார்க்கிறது, குதிகாலைப் பார்ப்பதில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. பராமரிப்பு இல்லம் சமூகநலத் துறையின் கீழ்; நர்சிங் ஹோம் 1998 சட்டப்படி சுகாதார அமைச்சின் கீழ். நடந்து வருகிறவர் சேர்கிறார், ஒரு வருடத்தில் படுக்கையாகிறார், மூக்கில் குழாய் வருகிறது. கட்டில் நகரவில்லை, ஆள் மட்டும் ஒரு அமைச்சிலிருந்து இன்னொரு அமைச்சுக்கு நகர்ந்துவிட்டார். இதைச் சரிசெய்யத்தான் முதியோர் மருத்துவப் பராமரிப்புக்கென்று 2018-இல் 802 என்ற தனிச் சட்டம் வந்தது. வந்த பிறகும் அமலுக்கு வரும் நாளுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பு.

அந்தத் துணிக்கட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் அதை அவிழ்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டத்தில் தர்காவை ஒட்டிய ஒரு மனநல விடுதி. விடியற்காலையில் தீ. சங்கிலியில் கட்டியிருந்தவர்கள் ஓட முடியவில்லை, 28 பேர் செத்தார்கள். கட்டியவர்களும் பாதுகாப்புக்குத்தான் கட்டினார்கள், எங்கேயாவது ஓடிப்போய்விடுவார்கள் என்று. கோலாலம்பூரில் 2017 செப்டம்பரில் ஒரு சமயப் பள்ளி விடுதி எரிந்தது. கிரில் போட்ட சன்னல், வெளியேற வழியில்லை, 23 பேர், பெரும்பாலும் சிறுவர்கள். அதுவும் திருடன் வராமல் இருக்கப் போட்ட கிரில்தான். கட்டில் கம்பி, துணி, பூட்டு, கிரில் நான்கையும் நாம் பாதுகாப்பு என்ற ஒரே சொல்லில் அடக்குகிறோம். அமெரிக்காவில் 1987-இலேயே, நர்சிங் ஹோமில் இருப்பவரை ஒழுங்குக்காகவோ ஊழியர் வசதிக்காகவோ கட்டிவைக்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. கட்டினால் விழமாட்டார் என்கிறார்கள். விழமாட்டாரோ என்னவோ, நடக்க மாட்டார், பிறகு குதிகால் கறுக்கும்.

இப்போது இருக்கும் மூலைவீடு பெரிய இடமில்லை. நடத்துகிறவர் ஈப்போ ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வுபெற்ற அக்கா. நான் முதல்முறை போனது மத்தியானச் சாப்பாட்டு நேரம், சொல்லாமல். உள்ளே விட்டார். அதுவே பாதித் தேர்வு. ஒரு தாத்தாவை நிமிர்த்தி உட்கார வைத்து, கஞ்சியைக் கரண்டி கரண்டியாக, விழுங்கிய பிறகு அடுத்த கரண்டி என்று ஊட்டிக்கொண்டிருந்தார்கள். படுத்தபடியே ஊட்டினால் சாப்பாடு நுரையீரலுக்குப் போகும், இரண்டே நாளில் காய்ச்சல், ஆம்புலன்ஸ். சாவுச் சான்றிதழில் நிமோனியா என்று வரும், கரண்டி என்று வராது. நடைக்கூடத்தில் ஒரு தாள்: யாரை எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் புரட்டினோம், கையெழுத்து. மாதம் ஒருமுறை எடை. எடை இறங்கினால் போன் வரும். இரவுக்கு இரண்டு பேர். குளிப்பாட்டும் நேரத்துக்கு வாங்க, முதுகைப் பாருங்க என்று அவரே சொன்னார்.

குறை இல்லாமல் இல்லை. சாம்பார் தண்ணீர். டிவி எப்போதும் சத்தம். வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் நிலைப்பதில்லை. தமிழ் பேசும் பெண் இரண்டு மாதத்தில் தொழிற்சாலைக்குப் போய்விட்டாள், குற்றம் சொல்ல முடியாது, சம்பளம் அங்கே மேல். இருப்பவர்கள் இந்தோனேசியாவிலிருந்தும் மியன்மாரிலிருந்தும் வந்தவர்கள். பெரியம்மாவிடம் ஒரு காலத்தில் கடை மலாய் இருந்தது. மறதி வரும்போது பிந்திக் கற்றது முந்திப் போகும்; மலாய் முதலில் போய்விட்டது. இனி அவருக்குத் தமிழில் மட்டும்தான் வலிக்கும். லயத்தில் இந்தப் பிரச்சினை இருந்ததில்லை என்று ஒருநாள் அக்காவிடம் சொன்னேன். மறுவாரம் கட்டில் தலைமாட்டில் ஒரு அட்டை, மலாய் எழுத்தில்: வலி, தண்ணி, பசி, ஒண்ணுக்கு, குளிருது, போதும். பக்கத்தில் மலாய் அர்த்தம். "போதும்" முக்கியம் என்றார் அக்கா. அது தெரியாவிட்டால் வாயை மூடிக்கொள்பவரை அடம் என்று நினைத்துத் திணிப்பார்களாம்.

கொரோனா காலத்தைப் பற்றி அவர் சொன்னது வேறு. 2020 மார்ச் 18-இல் நாடு அடைபட்டபோது இல்லங்களும் கதவை அடைத்தன. நோயைத் தடுக்க அது தேவைப்பட்டது. ஆனால் அந்த மாதங்களில் எந்த இல்லத்தில் என்ன நடந்தது என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமைக் கண்கூட இல்லை. போனில் முகம் மட்டும் தெரியும்; போன் குதிகாலுக்கு இறங்காது. திறந்த பிறகும் சில இடங்களில் அந்தப் பழக்கம் நிலைத்துவிட்டதாம், முன்கூட்டிச் சொல்லிவிட்டு வாருங்கள், அரைமணி நேரம், வரவேற்பறையில் மட்டும். அப்படிச் சொல்கிற இடத்தில் எங்கள் ஆளை வைக்கமாட்டேன் என்றேன். "வசதி இருக்கிறவங்க சொல்லலாம்" என்றார் அக்கா. அதற்குப் பதில் என்னிடம் இல்லை.

பெரியம்மாவின் குதிகால் ஆற ஐந்து மாதம் ஆனது. இப்போது தடி பிடித்துக் கழிவறை வரை நடக்கிறார். சிக்கல் விடியற்காலையில்தான். நாலு மணிக்கு விழிப்பு வந்துவிடும். பெரட்டுக்கு நேரமாச்சு என்று இருட்டில் காலைக் கீழே வைப்பார். முதல் வாரம் இரண்டுமுறை தடுக்கி விழப் பார்த்தார். பழைய இடமாக இருந்தால் துணி வந்திருக்கும்.

இரவில் இருக்கும் பெண் சுமத்ராவிலிருந்து வந்தவள், ஜம்பிப் பக்கம். அவள் அம்மாவும் ரப்பர் வெட்டியவராம். பெரியம்மா எதற்காக எழுகிறார் என்று அக்கா ஒருமுறை விளக்கியதும் அவளுக்கு மேலே சொல்ல வேண்டியிருக்கவில்லை. இப்போது நாலு மணிக்குப் பெரியம்மா எழுந்து உட்கார்ந்தால், அவள் கட்டில் ஓரத்தில் வந்து குந்தி, காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, "ஹூஜான், நேனேக்" என்கிறாள், மழை பாட்டி என்று. மலாய் எல்லாம் போனாலும் அந்த ஒரு சொல் பெரியம்மாவுக்குப் போகவில்லை. மழை பெய்தால் மரம் ஈரம், வெட்டு கிடையாது. சன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, போர்வையை இழுத்துக்கொண்டு படுத்துவிடுகிறாராம்.